பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களும் அவற்றின் எஞ்சின்களும்

மோட்டார் வண்டிகளின் வரலாற்றில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தனிப் புகழ் உண்டு. தாழ்ந்த உடலும், இருவர்க்கே உரிய ஆசனமும், மடக்கத்தக்க துணிக் கூரையும் உடைய அவ்வண்டிகளைக் காண்போர், அவற்றின் எஞ்சின்களும் தனியே அரும்பாடுபட்டு ஆக்கப்பெற்றவை என்றே எண்ணுவர். ஆயின் அவற்றுட் பல, சாதாரணக் குடும்பத்தார் செல்லும் கார்களிலிருந்து பெறப்பட்டவை. இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

முதற் காரணம் வரி. 1921-ம் ஆண்டு முதல் பிரிட்டனில் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் கார்களுக்கு வரி விதித்தனர். அத்திறனைக் கணக்கிட, சிலிண்டர்களின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் மட்டுமே கொண்டனர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கருதவில்லை. எனவே எஞ்சின் அமைப்போர் விட்டத்தைக் குறைத்து, அத்தூரத்தை நீட்டினர். சிறிய, ஒடுங்கிய எஞ்சின்கள் நாடெங்கும் பெருகின.

ஆக்ஸ்போர்டில் மாரிஸ் காரேஜஸ் என்னும் நிலையத்தை நடத்திய ஸெஸில் கிம்பர், இத்தகைய எஞ்சினையே பயன்படுத்திக்கொண்டார். 1928-ல் அவர் காட்சிக்கு வைத்த எம்.ஜி. மிட்ஜெட், மாரிஸ் மைனர் என்ற சிறு காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் கொண்டது. சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரம் 83 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 847 கன சென்டிமீட்டர். விலை 175 பவுன். செல்வர்க்கே உரியதாயிருந்த இன்பம் நடுத்தர மக்களுக்கும் எட்டலாயிற்று.

1953-ல் வெளிவந்த டிரயம்ப் டி.ஆர்.2 காரின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. அதன் எஞ்சின், ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ற குடும்பக் காருடையது. அதே இனத்து எஞ்சின் பெர்குஸன் டிராக்டரில் நிலத்தையும் உழுதது. சிலிண்டரின் உட்குழாய்களைக் கழற்றி மாற்றலாம். ஆதலால் 85 மில்லிமீட்டர் விட்டத்தை 83 ஆகக் குறைத்து, இரண்டு லிட்டர் பந்தய வரம்புக்குள் அதனை எளிதில் அடக்கினர்.

ஜாகுவார் நிறுவனமோ வேறு வழியில் சென்றது. வில்லியம் ஹைன்ஸ் தலைமையில் அங்கு உருவான 3,442 கன சென்டிமீட்டர் எக்ஸ்.கே. எஞ்சின், புதியதொரு பெரிய குடும்பக் காருக்காகவே திட்டமிடப்பட்டது. அக்கார் ஆயத்தமாகாத நிலையில், எஞ்சினை உலகறியச் செய்யவே 1948-ல் எக்ஸ்.கே.120 என்ற ஸ்போர்ட்ஸ் காரை விரைந்து அமைத்தனர். 200 வண்டிகள் போதும் என எண்ணியிருந்தனர்; 12,000-க்கும் மேல் செய்ய நேர்ந்தது. அந்த எஞ்சின் இனம் 1951 முதல் 1957 வரை லெமான் பந்தயத்தில் ஐந்து முறை வாகை சூடியது.

நம் நாட்டாருக்கு நெருங்கிய சான்றொன்றும் உண்டு. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. காரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினும், நம் அம்பாஸடர் காரில் நெடுங்காலம் இயங்கிய பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எம்.ஜி.ஏ.வில் கார்புரேட்டர் இரண்டு, அம்பாஸடரில் ஒன்று. எரிபொருட் கலவையை மிகுதியாக உட்கொள்ளச் செய்தும், அதனை மேலும் அழுத்தியும், அதே எஞ்சினிலிருந்து கூடுதல் திறனைப் பெற்றனர். ஒன்று விரைவுக்கும், மற்றொன்று குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சுமப்பதற்கும் அமைந்தது.

ஆயினும் இச்சிக்கனத்திற்கு ஓர் எல்லை இருந்தது. பழைய எஞ்சின்களையே நெடுங்காலம் நம்பியிருந்தமையால், அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் தொடங்கிய புகைக் கட்டுப்பாடுகளை நிறைவேற்றியபோது அவற்றின் திறன் குன்றியது. புதியன ஆக்கப் போதிய முதலும் இல்லை. 1980-ல் ஆபிங்டன் நகரத்து எம்.ஜி. தொழிற்சாலை மூடப்பட்டது.

உள்ளதைக் கொண்டு உயர்ந்ததை ஆக்குதல் பெருந்திறன். அவ்வாறு ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை நாளைய எஞ்சினுக்கென ஒதுக்குதல் அதனினும் இன்றியமையாதது. தொழில் வளர்க்கும் எந்நாடும் இவ்விரண்டையும் மனத்திற் கொள்ளுதல் நலம்.