பேதியும் அடுப்படி வைத்தியமும்
(பெண்கள் பயானில் ஆற்றிய உரை)

 

நமது ஓசூரில் சிப்காட் ஷிப்ட் வேலையை நம்பிய குடும்பங்கள் வரிசை வீடுகளில் நெருங்கி வாழ்கின்றன. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டவுடன், “தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்” என்று சொல்லித் தண்ணீரையும் தாய்ப்பாலையும் நிறுத்திவிடுகின்றோம். இது பெரும் தீங்கு. பிள்ளையின் உயிருக்கு உலை வைப்பது உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதேயாகும்.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோஸையும் சோடா உப்பையும் நீரில் கரைத்துக் குடிக்கச் செய்தார். நோயாளிகளுக்குப் புகட்டியவர்களில் பெரும்பாலோர் அவரவர் உறவினர்களே. நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. குடலில் சர்க்கரை உப்பை உள்ளே அழைத்துச் செல்கிறது. உப்பின் பின்னே நீரும் செல்கிறது. விஷயம் அவ்வளவுதான்!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இலவசமாகக் கிடைக்கும். அது இல்லாத வேளையில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரையுங்கள். கைக்கணக்கு வேண்டாம், உப்பு மிகுந்தால் ஆபத்து. கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கரையுங்கள். ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். மறுநாள் மீதியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இஞ்சி, பூண்டு, பட்டை மணக்கும் அக்கஞ்சி நோன்பாளிக்கு உரியது, பேதி கண்ட பிள்ளைக்கு அன்று! கடை குளிர்பானமும் கூடாது. அளவு மீறிய இனிப்பு பேதியைக் கூட்டும். இனிப்புப் பானங்களின் மீது ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று அச்சிடுவதை 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது.

தேனில் ஷிபா உண்டென்பது நம் ஈமான். ஆயினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, முதிராத குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் இன்மை, குடிக்க இயலாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் கைவைத்தியத்தை விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள். நள்ளிரவானாலும் 108 வரும்.