காரைக் கோட்டைக்கு வெளியே நிறுத்துங்கள்

(நம் சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற ஏப்ரலில் நானும் என் மனைவியும் இத்தாலியில் டஸ்கனி பகுதியை ஒன்பது நாள் வாடகைக் காரில் சுற்றிவிட்டு வந்தோம். படங்கள் உங்கள் வாட்ஸ்அப்பில் தேவைக்கு மேலேயே வந்துவிட்டன. அதனால் திட்டமிடுவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் செய்த தப்பையும் சொல்கிறேன்; அந்தச் செலவாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

ஏன் டஸ்கனி? முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பற்று வரவு எழுதியவன் நான். அங்கே சியன்னா நகரில் 1472இல் தொடங்கிய வங்கி இன்றும் நடக்கிறது. இன்று இயங்கும் வங்கிகளில் உலகிலேயே பழையது அதுதான். இரட்டைப் பதிவு முறையை 1494இல் முதன்முதலாக அச்சுப் புத்தகத்தில் விளக்கிய துறவி லூக்கா பச்சியோலி பிறந்த சான்செபோல்க்ரோவும் அதே பகுதியில்தான். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

நோட்டில் கட்டம் போட்டு, ஒன்பது நாளில் பதினோரு ஊர் என்று எழுதி மனைவியிடம் காட்டினேன். "நாம ஊர் பார்க்கப் போறோமா, ரோடு பார்க்கப் போறோமா?" என்றாள். அவளுக்கு முட்டி வலி வேறு. ஆறு ஊரை அடித்தேன். பிளாரன்ஸ், சான் ஜிமிஞானோ, சியன்னா, அரெஸ்ஸோ, சான்செபோல்க்ரோ மிஞ்சின. பிளாரன்ஸிலிருந்து சியன்னா சுமார் 75 கிலோமீட்டர்தான். எந்த நாளும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவில்லை. பிளாரன்ஸில் இருந்தவரை கார் எடுக்கவே இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில்தான் எடுத்தோம்.

ஏப்ரல் கடைசியில் வெயில் இதமாக இருக்கும், இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆனால் ஈஸ்டர், ஏப்ரல் 25, மே 1 மூன்றும் அங்கே விடுமுறை. அந்த நாட்களைத் தவிர்த்தால் அறை வாடகை குறையும்.

காகிதங்களை முதலில் முடியுங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதில் பிபி, சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள்; மறைத்தால் கிளெய்ம் நிற்காது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும், நம் ஊர் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வாடகைக் காருக்கு வயது வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு, முன்பே கேளுங்கள். வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், இடது கையால் கியர் போட்டுப் பழகிய நமக்கு அது வலது கைக்கு மாறும். கூடுதல் பணம் கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இத்தாலியின் பழைய ஊர்களில் கோட்டைக்குள் வெளி வண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. இசட்.டி.எல். என்பார்கள். தெருமுனையில் சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை இருக்கும், பக்கத்தில் கேமரா. யாரும் கை காட்டி நிறுத்த மாட்டார்கள். ஓர் ஊரில் பலகையில் 'வார்கோ ஆத்தீவோ' என்று எழுத்து ஒளிர்ந்தது. 'ஆத்தீவோ' என்றால் ஆக்டிவ்தானே, வழி திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே போனேன். ஹோட்டலைத் தவறவிட்டு, சுற்றி வந்து மறுபடியும் அதே வழியில் நுழைந்தேன்.

நவம்பரில் கடிதம் வந்தது. அந்த வாசகத்துக்கு 'கட்டுப்பாடு அமலில் இருக்கிறது, நுழையாதே' என்று அர்த்தமாம். இரண்டு நுழைவு, இரண்டு அபராதம். என் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கார் நிறுவனம் வேறு தனியாகக் கட்டணம் பிடித்திருந்தது. பயணக் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வந்த பற்று அது! வெளிநாட்டவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஒரு வருடம் கணக்கை மூடாதீர்கள்.

தப்பிக்க வழி எளிது. அறை பதியும்போதே, ஹோட்டல் கோட்டைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே இருந்தால் வண்டி எண்ணை நகராட்சியில் பதிவுசெய்து தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் வெளி நிறுத்துமிடம்தான். முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டாம்: சியன்னாவிலும் அரெஸ்ஸோவிலும் நிறுத்துமிடத்திலிருந்து மேட்டிலுள்ள ஊருக்கு எஸ்கலேட்டரே இருக்கிறது. சியன்னாவின் சரிந்த செங்கல் சதுக்கத்தில் என் மனைவி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தாள். பதினோரு ஊர்த் திட்டத்தில் அந்த மாலைக்கு நான் ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம்.

கடைசியாக வங்கிக்காரனின் ஒரு வார்த்தை. கார்டு மெஷின் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் பெரும்பாலும் நமக்குத்தான் நஷ்டம்.

என் செலவு நோட்டு வீட்டில் இருக்கிறது. போக நினைப்பவர்கள் வந்து வாங்கிப் பாருங்கள். அபராதப் பக்கத்தையும் கிழிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.