மகமையும் கடைத்தெருவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

சமய மேடையிலே கடைத்தெருவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கொழும்பிலே நம் கோயில்களின் கதையும் கடைகளின் கதையும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை என்பதே எமது மறுமொழி.

கொழும்புச் செட்டியார் தெருவைச் சிங்கள மக்களும் 'ஹெட்டி வீதிய' என்றே வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது, செட்டிநாட்டு நகரத்தார் இங்கே கிட்டங்கிகள் வைத்தனர். ஒரே கிட்டங்கியிற் பல விலாசத்தார் ஆளுக்கொரு பெட்டியுடன் அமர்ந்திருப்பர். ஊரிலுள்ள முதலாளிக்காக ஏஜண்டுமார் மூன்றாண்டுத் தவணையில் வந்து போவர். ஆங்கிலேய வங்கிகள் சிறு வியாபாரியை ஏறெடுத்தும் பாராத காலம் அது. வங்கியிடம் செட்டியார் வாங்கினார். செட்டியாரிடம் கடைக்காரர் வாங்கினார்.

அவர்களுடைய கணக்கிலே மகமை என்று ஒன்று உண்டு. வரவில் ஒரு சிறு பங்கை முதலிலேயே கோயிலுக்கென ஒதுக்கிவிடுவர். அந்தத் தெருவின் கதிரேசன் கோயில்களும், அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் ஆடிவேல் விழாவும் இத்தகைய கொடையால் வளர்ந்தவை.

புகழ்ந்து மட்டும் போவது நேர்மையாகாது. 1930ஆம் ஆண்டையொட்டிய பொருளாதார மந்தத்திலே, கடனடைக்க இயலாதோரின் காணிகள் கைமாறின, மனக்கசப்பும் வளர்ந்தது. 1934இல் வங்கி ஆணைக்குழு அறிக்கை தந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் பின்வந்த செலாவணிக் கட்டுப்பாடும் பலரை ஊர் திரும்பச் செய்தன. கிட்டங்கித் தெரு நகைக்கடைத் தெருவாயிற்று.

பின்னர் 1983 யூலை வந்தது. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. உயிர்களும் போயின. கடையோடு கணக்கேடும் பெயர்ப்பலகையும் சாம்பலாயின. கட்டடத்தை மீண்டும் எழுப்பினோம். எரிந்த ஏட்டை யார் எழுப்புவார்?

இளைஞர்களே, அந்தப் பொறுப்பு நம்முடையது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அக்கடைகளை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். ஆளுக்கு ஒருவரிடம் செல்வோம். "ஐயா, உங்கள் கடை எங்கே இருந்தது? எந்த ஊரிலிருந்து வந்தீர்கள்? அந்த நாட்களில் உங்களுக்கு அடைக்கலம் தந்த அயலவர் யார்?" என்று கேட்டு எழுதுவோம். கடைப்பையன்களையும் மறவாதிருப்போம். முதலாளியின் பெயர் கோயிற் கல்லிலே உண்டு. மூட்டை சுமந்தவனின் பெயர் எங்கும் இல்லை. எழுதியவற்றைச் சங்க நூலகத்திலே சேர்த்து வைப்போம்.

நம் முன்னோர் வரவிலே ஒரு பங்கை மகமையாக வைத்தனர். நாமோ விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்தை வைப்போம். பெரியோர்களே, பிள்ளைகள் கதவைத் தட்டும்போது, "எல்லாம் பழங்கதை, தம்பி" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள்.