ரூட்டர் மேசையும் மாணவர் மூச்சும்

எங்கள் பள்ளித் தொழிற்கூடத்தில் ரூட்டர் மேசை ஒரு மூலையில் இருந்தது. வேலை முடிந்தால் மாணவர்களின் புருவம்வரை மரத்தூள். பெருக்கினால் போயிற்று என்றிருந்தேன். துடைப்பத்தில் சிக்குவது பருந்தூள்தான். நுரையீரலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றில் சேர்த்துவிட்டது.

மேசைக்கடியில் மோட்டாரைச் சுற்றிப் பிளைவுட் பெட்டி அடித்தோம். அதில் ஒரு குழாய், மேலே தடுப்புக்கட்டையின் பின்னால் ஒரு குழாய்; இரண்டும் தூள் உறிஞ்சும் இயந்திரத்துக்கு. முதலில் பெட்டியை இடுக்கில்லாமல் அடைத்துவிட்டேன். என் தவறுதான். காற்று நுழைய வழியில்லாமல் தூள் தேங்கியது, மோட்டாரும் சூடேறியது. எதிர்ப்பக்கம் துளையிட்டபின் சரியானது.

கால்களில் பூட்டுள்ள நான்கு சக்கரங்கள். நீளப் பலகை என்றால் மேசையை நடுவுக்கு உருட்டுவோம். நான்கையும் பூட்டி, தள்ளிப் பார்த்து, அசையாவிட்டால்தான் சுவிட்ச். முகக்கவசத்தை இன்னும் விடவில்லை.