பேரேடு இல்லாத கணக்கு
(திருக்கனூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கணக்கு முடிக்கிறப்போ பத்து ரூபாய் இடிச்சாலும் வீட்டுக்குப் போக முடியாது. அஞ்சு வருஷத்துக்கு நம்ம ஓட்டை வாங்கிட்டுப் போறவருக்கு மட்டும் பேரேடு கிடையாதா?

சபைக்கு வந்தாரா என்பதிலிருந்து தொடங்குவோம். 1963 யூனியன் பிரதேசச் சட்டப்படி, அனுமதியில்லாமல் 60 நாள் எந்தக் கூட்டத்துக்கும் வராதவரின் இடத்தைக் காலி என்று சபை அறிவிக்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கூட்டத்தொடர் முடிந்த காலமும், தொடர்ந்து 4 நாளுக்கு மேல் ஒத்திவைத்த காலமும் அந்த 60இல் சேராது. கொஞ்ச நாளே கூடுகிற சபையில் 60 எப்போ நிறையும்? களையெடுக்க ஒரு நாள் போகலேன்னா நம்ம அம்மாவுக்கு அன்னிக்கே கூலி இல்லை.

வருமானம்? 2002 உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளர் சொத்துக் கணக்கு தருகிறார். 2018 தீர்ப்பு வருமானம் வந்த வழியையும் கேட்டது. எல்லாம் மனுத்தாக்கல் அன்று எடுத்த போட்டோதான். எம்.பி.க்கள் பதவியேற்ற 90 நாளுக்குள் அவைத்தலைவரிடம் சொத்து விவரம் தரணும். அந்தச் சட்டம் எம்.எல்.ஏ.க்களைத் தொடாது.

கட்சிக்கு வருவோம். புதுச்சேரியின் 5 தனித்தொகுதிகளில் ஊசுடு ஒன்று. 2016இல் அங்கே காங்கிரசில் ஜெயித்த தீப்பாய்ந்தான், 2021 ஜனவரியில் ராஜினாமா செய்து அமைச்சர் நமச்சிவாயத்தோடு பாஜகவுக்குப் போனார். ராஜினாமா செய்துட்டுப் போனா 1985 கட்சித்தாவல் சட்டம் ஒன்றும் செய்யாது. நமச்சிவாயம் அதே வருஷம் நம்ம மண்ணாடிப்பட்டில் தாமரையில் ஜெயித்து மறுபடி அமைச்சர். தீப்பாய்ந்தான் 2025 ஜூலையில் நியமன எம்.எல்.ஏ. அந்த 3 இடத்துக்கு ஓட்டே வேண்டாம், தில்லி கையெழுத்து போதும். அதற்கு முந்தின மாதம்தான், ஊசுடுவில் 2021இல் ஜெயித்த சரவணன்குமார் அமைச்சர் பதவியை விட்டார். அந்த இடம் ஜான்குமாருக்குப் போச்சு. அமைச்சரவையில் தலித் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஆட்களைத் திட்டி என்ன பயன்? 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு இந்த ஏற்பாட்டைத் தந்தது. நம்ம ஆள் நிற்பார். ஜெயிக்க வைப்பது ஊர் ஓட்டும் கட்சிச் சீட்டும். கணக்கும் அங்கேதான் சொல்வார்.

சேரிக்கும் சொல்ல வைக்கணும். வருகைப் பதிவேடு, கேட்ட கேள்விகள், இரண்டையும் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் சபைச் செயலகத்திடம் கேட்போம். இரண்டு தேர்தல் பிரமாணப் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிப்போம். நோட்டு வாங்கியாச்சு. மனு எழுதத் தெரிஞ்ச மாணவத் தோழர்கள் டீ குடிச்சிட்டு இங்கேயே இருங்க.