பையோடு கூலியையும் சேர்த்துத் தைப்போம்



நவராத்திரி வந்தா மயிலாப்பூர் மாட வீதியில கொலு பொம்மைக் கடைகள் வரிசையா வந்துடும். கொலு வைக்கிற வீடுகளில் தாம்பூலம் கொடுக்கப் பை தேவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. தையல் தெரிந்த நமக்கு இது நல்ல வாய்ப்பு.

செய்முறை சுலபம். 36 அங்குல அகலக் காட்டன் துணி ஒரு மீட்டர் வாங்குங்க. நனைச்சு, காய வைச்சு, இஸ்திரி போட்ட பிறகே வெட்டணும். இல்லேன்னா தைச்ச பை சுருங்கிடும். 27க்கு 11 அங்குலத்தில் மூணு துண்டு, மீதியில் 17க்கு 3 அங்குலத்தில் ஆறு கைப்பிடி. மூணு பை வரும். வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலம் மடிச்சு, பிடியைச் செருகி, ரெட்டைத் தையல் போடுங்க. பக்கவாட்டில் அரை அங்குலம் விட்டுத் தைச்சாப் போதும்.

இப்போ நம்ம தவறைச் சொல்றோம். ஐம்பது பை ஆர்டர் வந்த சந்தோஷத்தில் பை 25 ரூபாய்னு சொல்லிட்டோம். துணி 20, நூலும் கரண்டும் 3. மூணு பேர் பன்னிரண்டு மணி நேரம் தைச்சதுக்கு மிச்சம் வெறும் 100 ரூபாய்! வீட்டு வேலை மாதிரி இதையும் சும்மா செய்றதா நாமே நினைச்சிருக்கோம்.

இப்போ மணிக்கு 60 ரூபாய் கூலி வைக்கிறோம். ஒரு மணியில் நாலு பை, பைக்கு 15. ஆக அடக்கம் 38, விலை 40. யாராவது பேரம் பேசினா பையின் அளவைக் குறைச்சுக் கொடுங்க, கூலியைக் குறைக்காதீங்க.