பால் குளிரூட்டியில் பழைய கேஸ்: மாற்றும் செலவு யாருடையது?



பால் சங்கத்துக் குளிரூட்டிக்குள்ளே ஓடுகிற கேஸைப் பற்றி இன்றைக்குச் சில விஷயங்கள் சொல்லலாம் என்று இருக்கிறேன். கறந்த பாலை 4 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் வண்டி வரும்வரை திரியாமல் இருக்கும். மெஷின் நின்றுபோனால் ஊர்ப் பால் அத்தனையும் வீண். காய்கறி வைக்கிற குளிர்பதனக் கிடங்கிலும் இதே கதைதான்.

பழைய மெஷின்கள் பலவற்றில் இருப்பது ஆர்-22 என்கிற கேஸ். இது கசிந்து மேலே போனால் ஓசோன் படலத்தை அரிக்கும். வெயிலில் வருகிற புற ஊதாக் கதிரைத் தடுக்கிற குடைதான் அந்தப் படலம். அது மெலிந்தால் நம் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு, பயிருக்கும் கேடு. அதனால் 1987-ல் உலக நாடுகள் மான்ட்ரியல் நகரில் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. நம் நாட்டில் ஆர்-22 போட்டுப் புது மெஷின் தயாரிப்பது 2024 கடைசியோடு முடிந்துவிட்டது. இனி ரிப்பேருக்கு மட்டும்தான் அந்தக் கேஸ். 2030-லிருந்து அதுவும் மிகச் சொற்பம்.

"சரிங்க, மாற்றுவதற்குப் பணம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நாடுகளும் இதையேதான் கேட்டன. இந்தக் கேஸ்களை அதிகமாகப் பயன்படுத்தியவை பணக்கார நாடுகள். மாற்றும் செலவை ஏழை நாடுகள் சுமப்பது நியாயமா என்று இந்தியாவும் சீனாவும் வாதாடின. 1990-ல் லண்டனில் முடிவாகி, பலதரப்பு நிதி என்று ஒன்று ஏற்பட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பணக்கார நாடுகள் அதில் பணம் போடுகின்றன. செலவழிக்கும் குழுவில் அவர்கள் 7 பேர், நம்மைப் போன்ற நாடுகள் 7 பேர்.

ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் செய்கிற தொழிற்சாலையை மாற்றவும், மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கவும்தான் பெரும்பாலும் அந்தப் பணம் போகிறது. உங்கள் சங்கத்து மெஷினை மாற்ற அது நேராகக் கைக்கு வராது. அதற்கு நாம்தான் வழி தேட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புது மெஷின் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 வருஷத்தில் சேர்க்க மாசம் 10,000 ரூபாய். தினம் 1,000 லிட்டர் பால் வருகிற சங்கத்துக்கு லிட்டருக்கு 33 பைசா. இதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மெஷின் படுத்த பிறகு அவசரக் கடனுக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல். மாவட்டப் பால் ஒன்றியத்தில் அரசு உதவி உண்டா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். காய்கறிக் கிடங்கு வைத்திருப்பவர்கள் தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். கிடங்கு மானியம் வங்கிக் கடனோடு சேர்ந்தது. வேலை முடிந்த பிறகே கணக்கில் ஏறும். முதல் பணத்துக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

இன்னும் சில யோசனைகள்:

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஆர்-22 மெஷினை வாங்காதீர்கள். மெஷின் மலிவு, பிறகு கேஸ் தேடுவது பாடு.

கேஸ் குறைந்தால் நிரப்பிவிட்டுப் போக விடாதீர்கள். கசிகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கிற, பயிற்சி பெற்ற மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.

ஆர்-22 மெஷினில் வேறு கேஸை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது. சில கேஸுக்கு ஆயிலையே மாற்ற வேண்டும். அமோனியா செம்புக் குழாயை அரித்துவிடும். புரொப்பேன் தீப்பிடிக்கும்.

புதிதாக வாங்கும்போது என்ன கேஸ் என்று கேளுங்கள். ஆர்-404ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் பொல்லாதது. 2016-ல் கிகாலியில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி அந்த வகையையும் குறைக்கப் போகிறார்கள். பெரிய கிடங்குக்கு அமோனியா நல்லது. அது நச்சு என்பதால் பழகிய ஆள் கூடவே இருக்க வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் மெஷின் மேல் ஒட்டியிருக்கிற தகட்டைப் படித்துப் பாருங்கள். ஆர்-22 என்று இருந்தால் அன்றைக்கே அந்த 33 பைசாவைப் பற்றித் தீர்மானம் போடுங்கள்.